அடையாள அட்டைக்குப் போன கை

டியூஷன் மாஸ்டரின் தொழில் பிறர் பிள்ளைகளின் மூளையோடு மல்லுக்கட்டுவது; அதிலும் போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், உயர்தர ஏ.எல். மாணவருக்கு அந்த மூளையைப் பற்றியே கற்பித்தவன் நான். கரும்பலகைக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்திய சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

ஆட்டு மூளை

மூளை எப்படிப் பரிணமித்தது என்று வகுப்பில் காட்ட ஓர் ஆட்டு மூளை வாங்கப் போனேன். எதற்கென்று இறைச்சிக்கடை முஸ்லிம் அண்ணர், எங்கள் நானா, கேட்டார். மண்புழுவைத் தொட்டால் உடனே சுருங்கும், அதற்கு வேறு வழி தெரியாது என்றேன். மூளை பெருகப் பெருகத்தான் தொடுவதற்கும் சுருங்குவதற்கும் நடுவில் 'என்ன செய்யலாம்' என்று யோசிக்க ஒரு கணம் கிடைத்தது, நம் சுதந்திரமெல்லாம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது என்று உற்சாகமாக விளக்கினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மூள இரிந்தும் என்னத்துக்கு சேர்? கடைக்கு வர ஏலாண்டு அந்த ஆடு ஒரு வார்த்த செல்லல்லயே!"

காக்கிச் சட்டை

அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது. தபால்காரர், பாவம், மேல்மாடிக்கு வழி கேட்க வந்தவர். அதற்குள் பொலிஸென்று நினைத்து வகுப்பு முழுவதும் ஐ.சி.யை எடுத்து நீட்டிவிட்டது. என் கையிலும் அடையாள அட்டை! யாரும் கேட்கவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. படிக்கிற பிள்ளைகளை இப்படிப் பழக்கிவைத்தவர்களை என்ன செய்வது?

முன்வரிசையில் ஜெசிந்தா இருந்தாள். டொக்டராகும் கனவோடு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸேறி வருகிறவள். தன் அட்டையைப் பார்த்தபடி சொன்னாள்: "இதுக்கு மண்புழுவே போதும், சேர்."

ஒரு கணம்

அடுத்த கிழமை துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் அவளுடைய தகப்பன் அவளையும் கூட்டிக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னார். சோதனைச் சாவடியில் ஐ.சி. கேட்டபோது, எல்லாரையும் போல உடனே நீட்டாமல் பிள்ளை பேசாமல் நின்றிருக்கிறாள். பின்னேரம் வரை பொலிஸில் இருத்திவைத்துவிட்டார்கள்.

"இனி வகுப்பும் வேணாம், டொக்டரும் வேணாம். பிள்ளை உயிரோட இருந்தால் அதுவே காணும்," என்றார். அவரோடு எப்படிக் கோபிப்பது? கோபிக்க வேண்டியவர்களோடு கோபிக்கவும் வழியில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

"ஏன் பிள்ளை மறுத்தனீ?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"மறுக்கேல்லை, சேர். குடுக்கத்தான் போனனான். நானே யோசிச்சுக் குடுக்க வேணுமெண்டு ஒருக்கா நிண்டனான்."

இயற்கை கோடிக்கணக்கான வருஷம் மினக்கெட்டு வளர்த்த மூளையை ஒரு பிள்ளை ஒரு கணம் பாவித்ததற்கு, எங்கள் வகுப்பில் முன்வரிசைக் கதிரை ஒன்று காலியானது.