கடலில் கேட்காமல் போன ஒரு வாக்கியம்

கைக்கு அடக்கமான கறுப்பு மைக் அது. விலாவில் ஒரு பொத்தான். அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் எதிர்முனையில் இருப்பவர் பேசுவது கேட்கும். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத எனக்கென்றே அதைச் செய்தவன் என் மாமனாருக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான்.

அரசாங்க எண்ணெய் நிறுவனம் வியட்நாம் கடலில் கிணறு தோண்டப் போனபோது, டீசல் மெக்கானிக்காக நானும் போனேன். எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் என்னை வழியனுப்ப வந்தவர்களில் பாதிப் பேர், நான் அங்கே செக்கு ஓட்டப் போவதாகவே நம்பினார்கள். "நல்லெண்ணெயா மாப்ளே, கடலெண்ணெயா?" என்று கேட்டவர்களுக்கு, "வந்து வாசம் காட்டுதேன்" என்றேன். வாசம் மட்டும் நிஜமாகவே வந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

என் வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். ஞாயிறு மாலையில் பஜாரில் பாய் வைத்திருந்த போன் பூத்துக்கு வருவாள். கடல் நடுவே எங்கள் எண்ணெய்க் கிணற்று மேடையின் ரேடியோ அறையிலிருந்து நான் பேசுவேன். அந்த அறையில் அவள் குரல் ஸ்பீக்கரில் அலறும். முறைக்குக் காத்திருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் எங்கள் பேச்சு வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. சுகம், மழை இல்லை, ஓவர்.

இது தெரியவந்தபோது அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே, "கேட்டுக்கிட்டிருக்க அண்ணன்மாரெல்லாம் சாப்டீகளா? ஓவர்" என்றாள். தூத்துக்குடிக்காரச் சமையல்காரர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "சாப்ட்டோம் தங்கச்சி, ஒம் மாப்ளதான் ரெண்டு ஆள் சோத்தத் திங்கான், ஓவர்" என்றார். அதன்பிறகு ஞாயிறு மாலையில் எல்லோரும் சவரம் செய்து, தலைவாரி வந்து உட்கார்ந்தார்கள். நான் வாயெடுத்தால், "ஏலே, தங்கச்சி பேசுதுல்லா, நீ எதுக்குக் குறுக்க?" என்று அதட்டல் வேறு.

ஒப்பந்தம் முடியும் நேரத்தில், இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று பெரிய அதிகாரி கேட்டார். மறுநாள் பதில் வேண்டும். அன்று ஞாயிறு. அவளிடம் சொல்லிவிட்டு, "நீ சொல்லுறதுதான் முடிவு, ஓவர்" என்றேன். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "அண்ணன்மாரே, செத்த நேரம் காதப் பொத்திக்கிடுங்க."

பொத்தினார்கள். சமையல்காரர் கரண்டியோடு பொத்தினார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத பஞ்சாபிக்காரர், மற்றவர்களைப் பார்த்து, தலைப்பாகைக்குமேல் கை வைத்துப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொத்தானை அழுத்தி, "ஏட்டி, இங்க சர்தார்ஜிகூடப் பொத்திட்டாரு!" என்று கத்திவிட்டேன். விரலை எடுத்தபோது, அதற்குள் அவள் சொல்லி முடித்ததில் "ஓவர்" என்ற கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அது அழுகையில் நனைந்திருந்தது. உடனே தொடர்பும் அறுந்துபோனது.

காலையில் அதிகாரியிடம், "ஊருக்குப் போறேன் சார், வீட்ல சொல்லிட்டாங்க" என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "காதுல விழலை சார்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் வந்து அவளிடம் கேட்டேன். "சொல்லும்போது கேக்காம இளிச்சுக்கிட்டு இருந்தீக. வந்துட்டீகள்ல, பொறவு என்ன?" என்றாள். கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டேன்; சொல்லவில்லை. கடைசியில் பூத்துக்குப் போய் பாயைப் பிடித்தேன். "அந்தப் பிள்ள காதப் பொத்தச் சொன்னிச்சே மாப்ளே! நானும் பொத்திக்கிட்டேன்" என்றார்.

'வாங்க' என்றுதான் சொல்லியிருப்பாள் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். 'உங்க இஷ்டம்' என்றுகூட இருந்திருக்கலாம். எதுவானாலும் அந்தக் குரலில் கேட்டிருக்க வேண்டும். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் நான் எவ்வளவு பேசினாலும் குறுக்கே வர ஆளில்லை. நான்தான் பேசுவதில்லை. சாயங்காலமானால் டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவள் முதலில் பேசட்டும் என்று.