இரண்டு கணினியும் ஒரு நினைவு மலரும்

கனடாவில் இருக்கும் என் தம்பி போன வருடம் வந்தபோது ஒரு மேக் மடிக்கணினியைக் கையில் தந்தான். "அக்கா, இனி அந்தப் பழசைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுக் கிடக்காதீங்க," என்றான். பழசு என்றது என் விண்டோஸ் கணினியை. அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "லினக்ஸ் போடுங்க, காசே இல்ல," என்று வேலிக்கு அப்பால் நின்று வகுப்பெடுத்தார். எனக்கு என்ன வேலை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் புளியந்தீவில் வீட்டிலிருந்து நினைவு மலர் செய்கிறவள். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் கொடுக்கும் சின்னப் புத்தகம். படம், வாழ்க்கைச் சுருக்கம், தேவாரம், உறவினர் பெயர்கள். செத்தவர்களின் பெயர்களைத் தட்டித் தட்டிக் கழுத்தும் கண்ணும் போய்விட்டன. கண்ணைப் பார்த்த டொக்டர், இப்படியே போனால் வேலையை விடத்தான் வேண்டும் என்றார். விட்டால் சோற்றுக்கு எங்கே போவது? மேக்கின் திரை கண்ணை உறுத்தவில்லை. அதற்காகத்தான் அதன் பக்கம் சாய்ந்தேன்.

முதலில் அதில் செய்தது, வயதாகித் தோணித் தொழிலை விட்டுவிட்ட ஒரு பெரியவரின் காலமான மனைவிக்கு. நன்றாக வந்தது. இங்கே கடைசி நேரம்வரை யாராவது தன் பெயர் இல்லை என்று கோபித்துக்கொண்டு சேர்க்கச் சொல்வார்கள். அதனால் திருத்தக்கூடிய கோப்பைத்தான் அச்சகம் கேட்கும். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அச்சகத்திலிருந்து அழைப்பு.

"அக்கா, எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கு. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்."

மேக்கில் குற்றமில்லை. நான் புது எழுத்துருவில் தட்டியிருந்தேன். அச்சகத்தில் இருப்பதோ பழைய மென்பொருள். பழைய கணினியில் இருக்கும் வழக்கமான எழுத்துருவில் முழுவதையும் திரும்பத் தட்ட வேண்டும். முப்பத்தோராம் நாளோ நாளை மறுநாள். அழுகைதான் வந்தது.

பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நான் வாசிக்கிறன் புள்ள, நீங்க தட்டுங்க. கழுத்தைத் திருப்பத் தேவையில்ல," என்று கதிரையை இழுத்துப் போட்டு என் பழைய கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மனைவி பிறந்த ஊர், தாய் தகப்பன், கல்யாணம், பிள்ளைகள் என்று மகன் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் நிறுத்தி, "இது பொய் புள்ள, சாந்தமானவ எண்டு மகன் எழுதியிரிக்கான். என்னோட ஒரு நாளும் அப்பிடி இரிக்கல்ல," என்று சிரித்தார். "எடுக்கவா ஐயா?" என்றேன். "இரிக்கட்டும்," என்றார். பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்து முடித்தோம்.

கோப்பை அனுப்பிவிட்டு எழும்பினேன். அவர் எழும்பவில்லை.

"இதை அழிச்சிப்போடாதீங்க, என்ன? நாளைக்கு எனக்கும் நீங்கதான் செய்யணும். தாய் தகப்பனும் படமும்தான் வேற. மத்ததெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே."

"ஓம் ஐயா," என்றேன். கோப்பு பழைய கணினியில் பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பப் பார்த்தேன்.

மேக் இப்போது அலுமாரியில் இருக்கிறது. தம்பி கேட்டால் பாவிக்கிறேன் என்கிறேன். பழையதைப் போடும் ஒவ்வொரு காலையும், அது யோசித்துக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பெரியவருக்கு முந்தி இதுவும் என் கண்ணும் போய்விடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.