மூக்குப்பொடிக் கோடு

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆலை கிளப்பின் ஸ்னூக்கர் மேஜையைப் பார்த்துக்கொள்ளவும் புள்ளி எழுதவும் ஒரு மார்க்கர் இருந்தார். ஒட்டிய கன்னம், ஓயாமல் ஒழுகும் மூக்கு. மூக்குப்பொடி போட்ட விரலாலேயே பச்சைத் துணியில் கோடு இழுத்து, "கருப்ப குழில போடணும்னா வெள்ள இப்டிக்கா வந்து நிக்கணும் சார்" என்பார். கோலால் தட்டும் பந்து வெள்ளை; கருப்புப் பந்தின் இடம் மாறாது, கோடும் மாறாது. பழுப்பேறிய அந்த ஈரத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

மெட்ராஸ் போட்டிக்குப் போவது நானா, ஆலையின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ்காரரா என்று கடைசி ஆட்டம். மிச்சம் பிங்க்கும் கருப்பும்தான்; இரண்டையும் போட்டால் எனக்கு ஜெயம். மெதுவாகத் தட்டினால் பிங்க் விழும், வெள்ளை கோட்டோடு போய் நிற்கும். அடுத்த அடிக்கு அந்தக் கோட்டின்மேல்தான் கை ஊன்ற வேண்டும்! ராஜதந்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெள்ளை மேஜையின் மூன்று பக்கமும் மோதி வேறிடத்துக்குச் சுற்றிவரும்படி ஓங்கி அடித்தேன். வெள்ளையே குழிக்குள் போனது; தப்பாட்டம், புள்ளியும் முறையும் ஸ்டோர்ஸ்காரருக்கு.

"இன்னா சார், நேர் வழி இருக்கசொல்ல ஊரச் சுத்திக்கினு போற?"

"அதுல எப்படிய்யா கை வைக்கிறது?"

"கைய கழுவிக்கலாம் சார். தோத்தத கழுவ முடியுமா?"

குழியிலிருந்து வெள்ளையை எடுத்து, மூக்கு துடைத்த துண்டிலேயே துடைத்து ஸ்டோர்ஸ்காரரிடம் நீட்டினார். அவர் கூசாமல் வாங்கினார். மெட்ராஸுக்கும் அவரே போனார்.

மார்க்கரை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டல்தான் முதலில் வருகிறது. மரியாதை அதன் பின்னால், மூக்கைத் துடைத்துக்கொண்டே வருகிறது.