நான்கு நிமிடத் துடக்கு

கதிர்காமத்தம்பி முப்பது வருடம் வாவியில் இறால் பிடித்தார். எட்டு வருடம் அம்மன் கோயிலில் தன் குடிக்கு வண்ணக்கர் என்னும் பொறுப்பில் இருந்தார். நான்கு நிமிடம் செத்திருந்தார். மூன்றில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது கடைசியைத்தான்.

சித்திரை முடிகிற வாரத்தில் ஒரு காலை, வலையை இழுக்கும்போது நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கிடத்தியதும் இதயம் நின்றுவிட்டது. டொக்டர்மார் நெஞ்சை அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி, நான்கு நிமிடத்தில் திருப்பி எடுத்தார்கள். அவ்வளவு நேரமும் தான் கூரையோடு மிதந்ததாக அவர் சொன்னார். வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. செத்துப்போன தாய் தகப்பன் வந்து கூப்பிடவும் இல்லை. தெரிந்தது நல்லரத்தினம் மட்டும். விறாந்தையில் நின்று மனைவியோடு போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆள் முடிஞ்சுது. அந்தப் பட்டு வேட்டிய எடுத்து வெயில்ல போடு."

நல்லரத்தினம் பெரியம்மாவின் மகன், ஒரே தாய்வழிக் குடி. கதிர்காமத்தம்பிக்குப் பிறகு வண்ணக்கர் பதவி அவருக்குத்தான். கோயிலின் வைகாசிச் சடங்கில் குடியின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது, பட்டு உடுத்துப் போய்க் காளாஞ்சி வாங்குகிறவர் வண்ணக்கர். வெற்றிலை பாக்கு வைத்த ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அதை வாங்குவது யாருடைய கை என்று ஊரே பார்த்து நிற்கும்.

சாவின் வாசல்வரை போய் வந்தவனுக்கு மனம் கனியும் என்கிறார்கள். இவருக்குக் கனியவில்லை. கட்டிலில் கிடந்த ஒன்பது நாளும் அந்த வேட்டியையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிசம் செத்துக் கிடந்தும் குணம் சாகல்லயே," என்றாள் மனைவி கண்ணகை.

பல்கலைக்கழகத்திலிருந்து நிருஷா என்ற பெண் கேள்வித்தாளோடு வந்தாள். இதயம் நின்று மீண்டவர்கள் அந்த இடைவெளியில் கண்டதையும் கேட்டதையும் எழுதி, ஆஸ்பத்திரிக் குறிப்புகளோடு ஒப்பிடுவது அவளுடைய ஆராய்ச்சி.

"அலுமாரிக்கு மேல ஒரு படம் வச்சிருந்தம், ஐயா. கூரையில இருந்து பாத்தாத்தான் தெரியும். கண்டீங்களா?"

"படம் பாக்கவா புள்ள நான் மேல போனன்? அவனத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

"கதவு திறந்து கிடந்திருக்கு. அவர் போன்ல பேசினது காதில விழுந்திருக்கலாம். கண் மூடின பிறகும் காது கொஞ்ச நேரம் கேக்கும் எண்டு சில ஆய்வுகள் சொல்லுது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. மயங்கிக் கிடந்தவன் அரைகுறையாகக் கேட்டது என்றால் ஊர் சிரித்துவிட்டுப் போகும். செத்தவன் கண்டது என்றால்தான் நல்லரத்தினம் தலை குனிய வேண்டும்.

"செத்தவர் எண்டு எழுது."

"இதயம் நிண்டது எண்டுதான் எழுதலாம், ஐயா. திரும்பி வந்தா அது சாவில்ல."

"அப்ப முழுசாச் செத்தன் எண்டு நான் உறுதியாச் சொன்னதா எழுது."

அவள் எழுதினாள்: 'தான் முழுமையாக இறந்ததாக இவர் உறுதியாகக் கூறுகிறார்.' ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கதிர்காமத்தம்பி கையெழுத்து வைத்து, பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சடங்குக்குப் பத்து நாள் முன்பு, கோயில் வெளி வீதியில் குடியின் கூட்டம் நடந்தது. அவர் எழுந்து பட்டு வேட்டிக் கதையைச் சொல்லி, தாளை எல்லோருக்கும் காட்டினார்.

நல்லரத்தினம் மறுக்கவில்லை. "சொன்னதுதான். வேட்டி பூஞ்சணம் புடிச்சுக் கிடந்தது." சிரிப்பு எழுந்தது. தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "முழுசாச் செத்தனெண்டு தம்பியே கையெழுத்து வச்சிருக்கான். வண்ணக்கர் பதவி சாகும் வரைக்குந்தானே? பிறகென்ன கதை?"

கதிர்காமத்தம்பி தன் கையெழுத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெல்ல விரல் மடித்து எண்ணினார்.

"சரி அண்ணன், செத்தன். இண்டைக்குப் பதினாலு நாள். சடங்கண்டைக்கு இருபத்துநாலு. வண்ணக்கர் செத்தா எங்கட குடிக்கு எத்தின நாள் துடக்கு?"

முப்பத்தொரு நாள் தீட்டு. அதுவரை அந்தக் குடியில் ஒருவரும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும்.

"நீதான் உசிரோட நிக்காயே," என்றார் நல்லரத்தினம்.

"அப்ப காளாஞ்சி எனக்கு. செத்தனா, இருக்கனா? நீங்களே சொல்லுங்க."

நல்லரத்தினம் தாளை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"செத்துத்தான் போனாய்."

சடங்கன்று குடியின் பெயரை மூன்று தரம் அழைத்தார்கள். கை நீட்ட ஆளில்லாமல் தட்டு உள்ளே திரும்பியது. குடியில் பலர் இருவரையும் திட்டினார்கள். கதிர்காமத்தம்பி வேலிக்கு வெளியே நின்றார். தட்டை அவர் பார்க்கவில்லை. எதிர்ப்பக்க வேலியோரம் பட்டில்லாமல் வெறும் சாரத்தோடு நின்ற நல்லரத்தினத்தின் முகத்தைத்தான் கடைசிவரை பார்த்தார்.

ஆவணியில் நிருஷா போனில் அழைத்தாள். மூன்று மாதம் கழித்து எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"அதுக்குப் பிறகு மனசில நிம்மதி கூடியிருக்கா, ஐயா?"

"ஓம் புள்ள," என்றார் அவர். "ஒரு நாள் நல்லாக் கூடினது."