கண்வரை ஏறிய தாடி

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா வாய் திறந்து பேசக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. டிசம்பர் பிறந்தால் மாதா கோயில் பாட்டுக் குழுவோடு வீடு வீடாக வருவார். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. டிரம் அடிக்கு ஆடுவார், ஆரஞ்சு மிட்டாயை வாரி இறைப்பார். முகமூடியைப் பார்த்து ஏதாவது குழந்தை வீறிட்டால், அதன் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தோள் குலுங்கக் குலுங்க அவரும் அழுவார். சத்தம் மட்டும் வராது. குழந்தை தன் அழுகையை மறந்து அவரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும்.

அந்த வேஷத்தை வருஷக்கணக்காகக் கட்டியவர் என் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா. போன ஐப்பசியில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு சாயங்காலம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

மாமாவும் அம்மாவும் பிறந்து வளர்ந்த வீட்டை அவர்களுடைய அப்பா, கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கே எழுதி வைத்துவிட்டார். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம் மாமா. கடைத்தெருவில் அம்மாவைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் வருஷா வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்குள் வருவார். கூடத்தில் ஆடுவார். அம்மா நீட்டுகிற அதிரசத்தை, முகமூடியை லேசாகத் தூக்கி வாய்க்குள் தள்ளிக்கொள்வார். உள்ளே இருப்பது யாரென்று ஊருக்கே தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்.

நான் மூன்றாவது படித்த வருஷம் பாட்டுக் குழுப் பையன்களுக்குப் புத்தி வேலை செய்தது. பிளாஸ்டிக் முகமூடி குழந்தைகளைப் பயமுறுத்துகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து பளபளவென்று சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் வாங்கி வந்தார்கள். தாடி மோவாயை மறைத்தது. மற்ற முகமெல்லாம் நன்றாகத் தெரிந்தது.

எங்கள் வாசலுக்கு வந்தார்கள். டிரம் உள்ளே வந்தது, பாட்டு உள்ளே வந்தது. தாத்தா வரவில்லை. தெருவிலேயே நின்று மிட்டாய்ப் பையின் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தார்.

"அய்ய, இது தாத்தா இல்ல, நம்ம பெரிய மாமா!" என்று கத்தினேன். பாட்டு நின்றுபோனது. "வாங்க மாமா, நேரமாவுது" என்று ஒரு பையன் கூப்பிட்டான். மாமா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அம்மா அதிரசத் தட்டை என் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். மாமாவின் எதிரே போய் நின்றாள். காதில் மாட்டியிருந்த தாடியைப் பிடித்து மூக்குக்கு மேலே, கண்ணுக்கும் மேலே ஏற்றிவிட்டாள். தொப்பியை இழுத்து அதன்மேல் சரியாக வைத்தாள்.

"உள்ள வாங்க தாத்தா. புள்ளைங்க காத்துக்கினு இருக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, தாத்தாவுக்குக் கண்ணு தெரியாது! உழுந்துடப் போறாரு!"

"அவருக்குத் தெரியும். நீ சும்மா இருடி."

கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எங்கள் வாசல் நிலை ரொம்பத் தாழ்வு. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இத்தனை வருஷமாகியும் அப்பா இன்னும் அதில் மண்டையை இடித்துக்கொண்டுதான் இருந்தார். கண் மறைந்திருந்த தாத்தாவோ, குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, படியில் தடுக்காமல் உள்ளே வந்துவிட்டார். தாடியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரம் மறுபடி அடித்தார்கள். அவர் ஆடவில்லை. அம்மாவின் கையை விடாமல் அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை.

எந்தக் குழந்தை அழுகிறது என்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடம் முழுக்கத் தேடினேன்.