மிஞ்சி நின்ற கதிர்

மலர்க்கொடி கதிரைப் பார்க்கிற விதமே தனி. எடுத்தவுடன் பிடுங்க மாட்டாள். இடது உள்ளங்கையில் அதைச் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலால் கழுத்திலிருந்து நுனிவரை கிளை கிளையாக விலக்குவாள், பிள்ளைக்கு வகிடு எடுப்பதுபோல. விரிந்த உமிகளின் ஓரத்தில் நெற்பூ வெளிறித் தொங்கும். மூச்சு படாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சரியான கதிர் என்றால் மெல்ல விடுவாள். இல்லையென்றால் தூரோடு பிடுங்கித் தோள் சாக்கில் போட்டுக்கொள்வாள்.

அண்ணாதுரை வரப்பில் நின்று பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை. விடுப்பில் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தவன் பொங்கல் முடிந்ததும் திரும்ப வேண்டும். “குறுவைக்கு அப்புறம் போட்ட தாளடிப் பயிரை விதைநெல்லுக்கு விட்டிருக்கேன். விதைச்சான்று அதிகாரி பார்த்துச் சரின்னுட்டா நீங்க இங்கயே இருந்துடலாங்க” என்று போனில் சொல்லியிருந்தாள். வேறு ரகம் கலந்திருந்தால் வயலையே தள்ளிவிடுவார்கள். கலந்து முளைத்த அந்தக் கலவன்களைத்தான் பிடுங்குகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இவ்வளவு பிடுங்குவாள் என்று தெரியாது.

பக்கத்து வயல் ஐயாவு மடை திறக்க வந்தவர் நின்றார்.

“என்ன மலரு, சிங்கப்பூர் காசு வந்துட்டா நெல்லும் களையாப் போயிருமா?”

“உங்க வயல்ல களைதான் நெல்லு மாமா. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

ஐயாவு சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வயலின் நடுவில் ஒரு கதிர் மற்றவற்றை மிஞ்சி ஒரு சாண் உயரத்தில் நின்றது. கிளையிலிருந்து கிளை பிரிந்து, ஒரு கதிரே சின்ன மரம்போல.

“இத விட்டுரு மலரு. வயலுக்கே அழகா இருக்கு” என்றான் அண்ணாதுரை.

“அழகாத்தான் இருக்கு.” இதை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை, பிடுங்கினாள். “ஆனா இது நம்ம நெல்லு இல்லீங்க. இது உதிர்ந்து விதையோட போனா, அடுத்த வருசம் யார் வயல்லயோ போய் நிக்கும். அவங்க நம்மள நம்பித்தான வாங்குறாங்க?”

சாக்கை அவன் வாங்கிச் சுமந்தான். எல்லாம் மாட்டுக்குப் போயிற்று.

அதிகாரி வந்த அன்று அண்ணாதுரை விடிவதற்கு முன்பே வரப்புக்கு வந்துவிட்டான். அவர் வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். மலர்க்கொடி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வயலில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்தது அன்றுதான்.

சேற்றுக் காலோடு ஏறி வந்த அதிகாரியின் கையில் ஒரு கலவன்கூட இல்லை. “சுத்தமா இருக்கும்மா. அறுப்புக்கு முன்னாடி இன்னொரு தடவை வர்றேன்.”

அந்தத் தடவையும் குறையில்லை. பொங்கல் போனது. அண்ணாதுரை போகவில்லை.

அறுவடைக்கு வந்த ரெங்கம்மாள் கட்டுக் கட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: “போன வருசம் இதே வயல கலப்புன்னு தள்ளிட்டாங்கள்ல, அதுக்கப்புறம் உன் பொண்டாட்டி குறுவை பூரா எங்ககூட அடுத்த ஊரு விதைப்பண்ணைக்குக் கூலிக்கு வந்துச்சுய்யா, கலவன் எடுக்கப் பழகணும்னு. உன்கிட்ட சொல்லலையா?”

அந்தக் குறுவையில் ஞாயிறுதோறும் அவன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு என்ன செய்கிறாய் என்று கேட்டபோதெல்லாம், “சும்மாத்தாங்க இருக்கேன்” என்றுதான் சொல்லியிருந்தாள்.