டிராம் பரசுராமன் மணி அடிக்கிற இடம்

கல்மண்டபம் தாண்டியதும் டிராம் ஓட்டும் பரசுராமனின் வலது கால் உயர்ந்து, காலடியில் இருக்கும் மணியின் தலையில் இறங்கும். டணங், டணங், சற்று விட்டு, நீளமாக இன்னொரு டணங். அங்கே திருப்பம் இல்லை, சந்து இல்லை, ஸ்டாப்பும் இல்லை. டிராம் கம்பெனி சட்டப்படி மணியோசைக்குத் தகுதியுடைய ஜீவன்களும் வஸ்துக்களும் மூன்றே: மனிதன், மாடு, கைவண்டி. இவற்றில் ஒன்றும் அங்கே குறுக்கே நிற்பதில்லை. ஓர் ஓட்டு வீடு நிற்கிறது. அதுவும் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

மணி கேட்டதும் அந்த வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வரும். விரல்கள் விரிந்திருந்தால் நல்ல நாள். முஷ்டி மூடியிருந்தால், இன்றைக்கு என்னோடு பேசாதே என்று அர்த்தம். எப்படி இருந்தாலும் பரசுராமனுக்குத் திருப்திதான். "கீது, கீது" என்று சொல்லிக்கொண்டு வண்டியை முடுக்குவார். அது துள்ளுகிற துள்ளலில் நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் விழுவார்கள். ராயபுரம் லைனில் பல சிநேகங்கள் உண்டானது இப்படித்தான்.

எம்டன் வந்து குண்டு போட்ட வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். பிரேக்கைச் சுற்றிச் சுற்றி அவருடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது. தையற்காரன் இதற்காகத் தனியாக அளவெடுக்கிறான். மோட்டார் பஸ் என்றால் இளக்காரம். "தண்டவாளமே இல்லாத பொழப்பு ஒரு பொழப்பா? காலீல எங்க போவும்னு அதுக்கே தெரியாது" என்பார். வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். அதை மத்தியானம் வரை காப்பாற்றுவார்.

ஜன்னல் கை அவருடைய ஒரே மகள் மலர்க்கொடியின் கை. வயது பதினைந்து. போன மார்கழியில் ஒரு விடியற்காலை அவள் காசிமேட்டில் கடலுக்குள் நடந்து போனாள். குளிப்பதற்கு அல்ல. கழுத்தளவு தண்ணீரில் கட்டுமரக்காரர்கள் பார்த்து அள்ளி வந்து கரையில் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல நைனா. உள்ள ஒரே இருட்டா கீது" என்றாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் உண்டு: நாள்கணக்காகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, சுவரைப் பார்த்துக் கிடப்பாள். திடீரென்று எழுந்து சட்டியை உடைப்பாள். உடைத்ததற்காக உட்கார்ந்து அழுவாள்.

இந்த நோய்க்கு ராயபுரத்தில் வைத்தியம் தெரியாதவர்கள் இரண்டே பேர்: பரசுராமனும், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும். டாக்டர் தெரியாது என்று ஒப்புக்கொண்டு டானிக் எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் எல்லாரும் நிபுணர்கள். ஒரு மந்திரவாதி வேப்பங்கழியோடு வந்தார். பரசுராமன் மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் முன்னால் தாமே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல எனுக்கு நாலு போடு நைனா. எனுக்குப் பேய் ஓடிச்சின்னா அப்பால பாப்பாவப் பாக்கலாம்." மந்திரவாதி அந்தத் தோளைப் பார்த்தார். திருவொற்றியூரில் அவசர வேலை இருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கூடையைக் காலடியில் மறைத்துவைத்து முன்படி ஓரம் உட்கார்ந்து வரும் மீன்காரி ராஜாத்தி வேறு வழி சொன்னாள்.

"ஒரு கல்லாணத்தக் கட்டி வெய்யி. எல்லாம் சரியாப்பூடும்."

"நீ கட்டிக்கினியே, உனுக்கு இன்னா சரியாப்போச்சி?"

ராஜாத்தி சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரம் வெளியே தலை நீட்டியது. அன்றிலிருந்து அவள் பரசுராமன் கட்சி.

அவருடைய வைத்தியம் மணிதான். மனைவி செல்லம்மா மத்தியானத்துக்குமேல் அரிசி மண்டிக்குப் புடைக்கப் போய்விடுவாள். பொழுது சாயும்வரை மகள் தனி. அந்த நேரத்துக்குள் அவர் வண்டி வீட்டை நாலு தடவை கடக்கும். "நான் இன்னா படிச்சவனா, புத்தி சொல்றதுக்கு? கீறியான்னு கேக்கறேன். கீறேன்னு அது சொல்லணும். அவ்ளோதான்."

முதல் வாரம் பதிலே இல்லை. எட்டாம் நாள் மணி அடித்ததும் கதவு திறந்தது. ஒரு பித்தளைச் சொம்பு பறந்து வந்து ஒரு வக்கீல் குமாஸ்தாவின் குடையை இரண்டாக மடக்கியது. குமாஸ்தா கத்தினார். பரசுராமன் இரண்டு கையையும் தட்டிக் குதித்தார். "எய்ந்து வந்து எறிஞ்சிச்சி பாத்தியா! எய்ந்து வந்திச்சி!" சொம்பு கடைசி ஸ்டாப் வரை பிரயாணம் செய்து, திரும்புகிற வழியில் பத்திரமாக வாசலில் இறங்கியது. மறுநாள் ஜன்னலில் முஷ்டி. விரல்கள் பிரிய இன்னும் ஒரு மாதம் பிடித்தது. இன்றும் சில நாள் முஷ்டிதான். பரசுராமன் யாரிடமும் மகள் குணமாகிவிட்டாள் என்று சொல்வதில்லை. கேட்டால், "இன்னிக்கி ரெண்டு ட்ரிப்புல கையப் பாத்தேன்" என்பார்.

தேவையில்லாத மணியைப் பற்றி யாரோ மொட்டை மனு எழுதிவிட்டார்கள். விசாரிக்க ஆடி மாதத்தில் இன்ஸ்பெக்டர் யேசுதாஸ் வண்டியில் ஏறினார். அன்று நடந்ததற்கு அவர் கொடுத்த ரிப்போர்ட்டில், "தண்டவாளத்தில் மாடு, ஏழு நிமிஷம் தாமதம்" என்று இருக்கிறது. மாடு வரவில்லை. வந்தது இது.

மலர்க்கொடி பதினோரு நாளாகக் கண் மூடவில்லை. முதல் இரண்டு ட்ரிப்பிலும் முஷ்டி. மூன்றாவது ட்ரிப்பில் மணி அடித்தது, கை வரவில்லை. மறுபடி அடித்தது, வரவில்லை. வண்டி நின்றது.

"இன்னா பரசுராமன், ஸ்டாப் இல்லாத எடத்துல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கை வரல சார்."

"எந்தக் கை?"

"இவரு ஒருத்தரு! ஊருக்கே தெரிஞ்ச கையி, இவருக்குத் தெரியாதாம்!" என்று ராஜாத்தி ஆரம்பித்தாள். வண்டி முழுவதும் ஒரே நேரத்தில் விஷயத்தை விளக்கியது. காசிமேட்டுக் கடல் என்ற சொல் காதில் விழுந்ததும் யேசுதாஸ் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"அண்ணாச்சி, பின்னால ரெண்டு வண்டி வந்து நிக்குது" என்றார் கண்டக்டர் ஆறுமுகநயினார்.

பரசுராமன் காதில் விழவில்லை. அவர் இறங்கி ஓடியிருக்கலாம். வீடு பத்து தப்படி. இறங்கவில்லை. வலது கால் மணியை மிதித்துக்கொண்டே இருந்தது. பார்வை மட்டும் ஜன்னலில் இருந்தது.

ராஜாத்தி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். "மலரு! அடியே மலரு!" அது கடைவீதியில் பழகிய குரல், வண்டியில் பாதிப் பேர் அதோடு சேர்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் யேசுதாஸ் தம்மை மறந்து விசிலை எடுத்து ஜன்னலைப் பார்த்து ஊதினார்.

கதவு திறந்தது. தலைமயிர் கலைந்து, கன்னத்தில் பாய்த்தடம் வரிவரியாகப் பதிந்து, மலர்க்கொடி நின்றாள். கண்ணில் நெருப்பு.

"இன்னா நைனா, பேஜாரு பண்ற? பதினோரு நாளா கொட்டக் கொட்ட முயிச்சிக்கினு கெடந்தேன். இப்பத்தான் கண்ணு அசந்திச்சி. அதுக்குள்ள ஒரு டிராம் ஜனத்த இட்டாந்து கூவறியே!"

யேசுதாஸ் விசிலை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டார்.

"தூங்கினியாடி, கண்ணு? தூங்கும்மா, தூங்கு! நாங்கோ மூச்சு வுடமாட்டோம்!" என்று ராஜாத்தி துறைமுகம் வரை கேட்கும்படி வாக்குக் கொடுத்தாள்.

மலர்க்கொடி தெருவை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டோரம் என்னவோ நெளிந்தது. சிரிப்பு என்று ராஜாத்தி சத்தியம் செய்கிறாள். உள்ளே திரும்பியவள் நிலைப்படியில் நின்று, "பசிக்குது" என்றாள்.

டிராமை நடத்துகிற பித்தளைக் கைப்பிடியை ஓட்டுபவர் நடுவழியில் இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது. இருபது வருஷத்தில் பரசுராமன் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அதை இப்போது கழற்றி, கைக்குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொல்கிறவர் போல, இன்ஸ்பெக்டரின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். ஆசனத்துக்கு அடியில் அன்று இன்னும் திறக்காமல் இருந்த தம்முடைய சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, படியில் கால் வைக்காமலே தெருவில் குதித்தார்.